மூன்றரை லட்சம் பேருக்கு ஒரு டாக்டர்!
சிறுநீரக வைத்தியம்: பனியன் நகரம் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு

பனியன் கம்பெனியில் ஒரு டெய்லர் ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படி தைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் அவர் தலையில் கட்டினால் தையல் கோணும். துணி பாழாகும்.

டாக்டருக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. ஒரு நாளில் இத்தனை நோயாளிகளைத்தான் பொறுமையாகப் பார்க்க முடியும். அதற்கு மேல் போனால், பாழாவது துணி அல்ல. மனித உயிர்!

இந்தியாவில் அந்த அளவு கடந்துபோன துறைகளில் ஒன்று சிறுநீரக வைத்தியம்.

ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயல் இழக்கிறது. மத்திய சர்க்கார் தன் டயாலிசிஸ் திட்டத்துக்கு அடிப்படையாக வைத்துக்கொண்ட கணக்கு இது.

இவர்களைப் பார்க்க எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள்? 140 கோடி ஜனங்கள் உள்ள நாட்டில், சிறுநீரக நிபுணர்கள் சில ஆயிரம் பேரே!

நாலாயிரம் பேர் என்று தாராளமாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரை லட்சம் ஜனங்களுக்கு ஒரு டாக்டர் என்று வரும். ஒவ்வொரு டாக்டருக்கும் ஆண்டுக்கு 55 புது நோயாளிகள். 55 பேர்தானே என்று எண்ணக்கூடாது. காய்ச்சல்காரர் மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். சிறுநீரகம் போனவர் அப்படிப் போகமுடியாது. ஆயுள் முழுவதும் அதே டாக்டரிடம் வந்துகொண்டிருப்பார். அடுத்த ஆண்டு மேலும் 55 பேர் வருவார்கள்!

சிறுநீரகம் செய்யும் வேலை

முதுகுப்புறத்தில், விலா எலும்புக்குக் கீழே, அவரை விதை வடிவத்தில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை. அவைதான் சிறுநீரகங்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் இவை 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, கழிவை மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன.

ரத்தம் ஊறுவதற்கும், ரத்த அழுத்தம் சீராக இருப்பதற்கும், எலும்பு பலமாக இருப்பதற்கும்கூட சிறுநீரகம் வேண்டும்.

இத்தனை வேலை செய்யும் இந்த உறுப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது கூச்சல் போடாது! பாதி வடிகட்டிகள் பழுதான பிறகும் வலி தெரியாது. ஆள் நடமாடுவார், வேலைக்குப் போவார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது, பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

டாக்டர்களின் பளு இத்தனை கூடியதற்கு இதுதான் பெரிய காரணம்.

பதினொன்றரை ஆண்டுப் படிப்பு

"டாக்டர் போதவில்லை என்றால், அதிகம் பேரைப் படிக்கவைக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சிறுநீரக நிபுணர் ஆவதற்கு எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். அதற்கு மேல் எம்.டி. 3 ஆண்டுகள். அதற்கும் மேல் டி.எம். 3 ஆண்டுகள். ஆக மொத்தம் பதினொன்றரை ஆண்டுகள்! இன்று கல்லூரியில் சேரும் பையனோ பெண்ணோ நிபுணராக வெளியே வருவதற்குள், இன்று நோயோடு நடமாடுகிறவர் என்ன ஆவார்?

உலக நாடுகளில் நடுத்தர நிலையில் உள்ள நாட்டில் 10 லட்சம் பேருக்குச் சுமார் 10 சிறுநீரக நிபுணர்கள் இருக்கிறார்கள். செல்வ நாடுகளில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

திருப்பூர் ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ம் ஆண்டின் கணக்குப்படி இங்கே ஜனத்தொகை ஏறக்குறைய 25 லட்சம். உலக அளவின்படி 25 நிபுணர்கள் வேண்டும். மேலே போட்ட இந்தியக் கணக்குப்படி பார்த்தால் 7 பேர்தான் பங்குக்கு வருவார்கள். அந்தப் பங்கும் நேராக வந்து சேர்வதில்லை. பெரிய டாக்டர்கள் பெரிய நகரங்களில் கூடுவது வழக்கம். அதனால்தான் தாராபுரத்திலும் காங்கயத்திலும் மடத்துக்குளத்திலும் இருக்கிறவர்கள், "கோயமுத்தூர் போய்க் காட்டிவிட்டு வருகிறேன்" என்று புறப்படுகிறார்கள்.

யந்திரம் வந்தது

தமிழ்நாடு இந்த வைத்தியத்தில் பின்தங்கிய நாடு அல்ல. இந்தியாவில் முதன்முதலாக டயாலிசிஸ் நடந்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆண்டு 1961. முதன்முதலாகச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் வெற்றியாக நடந்ததும் அங்கேதான். ஆண்டு 1971.

டயாலிசிஸ் என்பது என்ன? உடம்பிலிருந்து ரத்தத்தைக் குழாய் மூலம் வெளியே எடுத்து, யந்திரத்தில் சுத்தம் செய்து, மறுபடியும் உடம்புக்குள் விடுவது. ஒரு தடவைக்கு 4 மணி நேரம் ஆகும். வாரம் 3 தடவை செய்யவேண்டும். ஒரு தடவைக்கு மட்டும் 120 லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் செலவாகும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960-களின் ஆரம்பத்தில் யந்திரங்கள் மிகக் கொஞ்சம். நோயாளிகள் நிறைய. யாருக்கு யந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய ஊர்ப் பிரமுகர்கள் 7 பேர் கொண்ட ஒரு கமிட்டி போட்டார்கள். யார் பிழைப்பது என்பதை ஒரு கமிட்டி சொன்னது!

இந்தியாவில் அப்படி ஒரு கமிட்டி இருந்ததில்லை. அதன் வேலையைப் பணம் செய்தது. காசு உள்ளவருக்கு யந்திரம், இல்லாதவருக்கு இல்லை.

இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றியது சர்க்கார் திட்டம். தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. அதில் டயாலிசிசும் சேர்ந்தது. 2016-ல் மத்திய சர்க்கார் தேசிய டயாலிசிஸ் திட்டத்தைத் தொடங்கியது. ஜில்லா ஆஸ்பத்திரிகளில் யந்திரங்கள் வந்தன. ஏழைகளுக்கு இலவசம். திருப்பூருக்கு 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்தது.

யந்திரம் வந்தால் டாக்டரின் வேலை குறையும் என்று தோன்றும். நடந்தது வேறு!

ஒரு யந்திரத்தை நாளைக்கு 3 ஷிப்ட் ஓட்டலாம். வாரம் 6 நாள் ஓட்டினால் 18 தடவை. ஒருவருக்கு வாரம் 3 தடவை வேண்டும். ஆக, ஒரு யந்திரம் 6 பேரை மட்டும் காப்பாற்றும். ஆண்டுதோறும் புதிதாக வரும் 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கும் செய்வதானால், வருஷத்துக்கு 3 கோடியே 40 லட்சம் தடவை டயாலிசிஸ் கூடுதலாகச் செய்யவேண்டும்!

யந்திரத்தை ஓட்ட டெக்னீஷியனும் நர்சும் போதும். ஆனால், நோயாளிக்கு எவ்வளவு நீர் எடுப்பது, ரத்தம் குறைந்தால் என்ன ஊசி போடுவது, நடுவில் ரத்த அழுத்தம் விழுந்தால் என்ன செய்வது, எந்த மருந்தை நிறுத்துவது என்று சொல்லவேண்டியவர் டாக்டர். யந்திரம் கூடக்கூட, சொல்லவேண்டிய இடங்களும் கூடுகின்றன. சொல்லும் ஆள் அதே ஆள்தான்!

தொழிலாளியின் மூன்று நாள்

டாக்டர் பற்றாக்குறையின் பளு கடைசியில் யார் தலையில் விழுகிறது?

திருப்பூர் இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊர். லட்சக்கணக்கானவர்கள் இங்கே நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், இஸ்திரி என்று பிழைக்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம். உருப்படிக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவர்களும் பலர்.

நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் வேலை செய்தால் வாரம் 3,600 ரூபாய். வாரத்தில் 3 நாள் டயாலிசிசுக்குப் போனால் 1,800 ரூபாய் போச்சு! கூடப் போகும் மனைவிக்கோ மகனுக்கோ அன்று சம்பளம் இல்லை. பஸ் செலவு வேறு. சிகிச்சை இலவசம்தான். ஆனால் குடும்பத்தின் வருமானம் பாதியாகிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, நீடித்த நோய்களின் பட்டியலில் சேர்ந்த வியாதி. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள்வரை 70 சதவிகிதச் சம்பளம் கிடைக்கும். பட்டியலில் உள்ள நீடித்த நோய்க்கு 80 சதவிகிதம். இரண்டு ஆண்டுவரை கிடைக்கும்! இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

கண்ட்ராக்ட் ஆளாக, பெயர் பதியாமல் வேலை செய்கிறவருக்கு இது கிடையாது. ஆகவே, "பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கவேண்டும்.

ஏன் பழுதாகிறது?

நொய்யல் ஓடும் ஊர் இது. சாயப்பட்டறைக் கழிவுநீரால் நதி கெட்டு, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது ஊருக்கே தெரியும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற கட்டளையோடுதான் பட்டறைகள் மீண்டும் திறந்தன. அதனால், யாருக்காவது சிறுநீரகம் கெட்டால் "சாயத் தண்ணீர்தான் காரணம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

நதியைக் கெடுத்தது பெரிய தீங்கு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால், பழி எல்லாவற்றையும் சாயத்தின்மேல் போட்டுவிட்டால், பெரிய குற்றவாளிகள் இருவர் தப்பித்துக்கொள்வார்கள். ஒன்று, சர்க்கரை வியாதி. இன்னொன்று, ரத்தக்கொதிப்பு. நாட்டில் சிறுநீரகம் போகிறவர்களில் மிகப் பலருக்கு இந்த இரண்டில் ஒன்று காரணம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. வெப்பம்! தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2023-ல் சோதனை நடத்தினார்கள். 100-க்கு 5 பேருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை! உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்த போரூர் ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்களும், கடும் வெப்பத்தில் உழைக்கிறவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் கண்டார்கள்.

பனியன் கம்பெனி வயல் அல்ல; உப்பளமும் அல்ல. ஆனால் நீராவி இஸ்திரி மேஜைக்கும், சாயப்பட்டறைக் கொதிகலனுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கு வேர்வை அருவியாகக் கொட்டும். கொட்டிய அளவுக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் வாடும். "அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் திட்டுவார்" என்று பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. நல்ல குடிதண்ணீரும் கழிப்பிடமும் தரவேண்டும் என்று 1948-ம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அது சலுகை அல்ல, உரிமை!

இன்னும் ஒன்று: வலி மாத்திரை. ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைத்தால் இடுப்பு வலிக்கும். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். டாக்டரைக் கேட்காமல், மாதக்கணக்கில் வலி மாத்திரை தின்பது சிறுநீரகத்தை அரிக்கும்.

பத்து நிமிஷமா, பத்து வருஷமா?

இப்போது ஒரு சின்ன ஒப்பீடு.

இரண்டு தொழிலாளிகள். இருவருக்கும் சர்க்கரை வியாதி. ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் லேசாகக் கசியும்போதே சோதனையில் தெரிந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, ரத்தக்கொதிப்பைக் குறைத்து, சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை கொடுத்தால், நோயைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கலாம். 2019-க்குப் பிறகு இதற்கு மேலும் நல்ல மாத்திரைகள் வந்திருக்கின்றன. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இந்தியாவில் அவற்றின் விலையும் இறங்கிவிட்டது. இவருக்கு நிபுணரின் நேரம் ஆண்டுக்குச் சில நிமிஷங்கள் போதும். மீதியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே பார்த்துக்கொள்வார்.

இன்னொருவருக்குச் சோதனையே செய்யவில்லை. அவர் மூச்சுத் திணறி நடுராத்திரியில் வருகிறார். டயாலிசிசுக்குக் கையில் ரத்தக் குழாயைத் தயார்செய்யும் ஆபரேஷனை வாரக்கணக்கில் முன்னதாகச் செய்யவேண்டும். அதற்கு நேரம் இல்லை. கழுத்தில் குழாய் போட்டு அவசரமாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. பிறகு வாரம் 3 நாள், உயிர் உள்ளவரை.

முதல் ஆளுக்குப் பத்து நிமிஷம். இரண்டாம் ஆளுக்குப் பத்து வருஷம்! டாக்டரின் பளுவைக் கூட்டுவது நோய் மட்டும் அல்ல, தாமதம்!

பிரிட்டன் என்ன செய்தது?

பிரிட்டனில் 1948 ஜூலை 5-ந் தேதி முதல் எல்லோருக்கும் சர்க்கார் செலவில் வைத்தியம். அங்கும் சிறுநீரக டாக்டர்களுக்கு வேலை மிகுதிதான். அவர்கள் 2006-ல் ஒரு காரியம் செய்தார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே சிறுநீரகம் எந்த அளவு வேலை செய்கிறது என்று அச்சிட ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு குடும்ப டாக்டரும் தம்மிடம் உள்ள சிறுநீரக நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ள ஏற்பாடு வந்தது. பிறகு, கடைசி நேரத்தில் ஓடிவருகிறவர்கள் தொகை குறைந்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு வழி போடப்பட்டது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை.

அதே திட்டத்தில் இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. வயிற்று டயாலிசிசுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். வயிற்றில் ஒரு சிறு குழாய் வைத்து, சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பது இந்த முறை. நாளைக்கு 3 அல்லது 4 தடவை. யந்திரம் வேண்டாம், வாரம் 3 நாள் ஆஸ்பத்திரிப் பயணமும் வேண்டாம். ஆனால் மிகச் சுத்தமான இடம் வேண்டும். லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துக்கு அதுவே பெரிய பிரச்சினை!

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் டயாலிசிசே வேண்டாம். மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் சர்க்கார் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. ஆனால், தேவைப்படுகிறவர்கள் அதிகம், கிடைப்பது கொஞ்சம்.

இனி செய்யவேண்டியது

யந்திரங்கள் வேண்டும். நிபுணர்கள் வேண்டும். டி.எம். படிப்பில் இடங்கள் கூடவேண்டும். படித்து வருகிறவர்கள் தாலுகா ஊர்களுக்கும் வர, தக்க சம்பளமும் வசதியும் தரவேண்டும். ஆனால் இவை பலன் தர ஆண்டுகள் ஆகும்.

நாளைக்கே செய்யக்கூடியது சோதனை. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒரு சிறு காகிதப் பட்டையை நனைத்து, நர்சே சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். ரத்தத்தில் கிரியேட்டினின் சோதனை எல்லா ஊர்களிலும் உண்டு. கம்பெனிகளில் ஆண்டுக்கு ஒரு நாள், ஷிப்டுக்கு நடுவே, எல்லோருக்கும் இந்தச் சோதனைகளைச் செய்ய முதலாளிகளும் இ.எஸ்.ஐ. இலாகாவும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். ஒரு தொழிலாளியின் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுப்பதைவிட இது மலிவு. தேர்ந்த டெய்லரை இழப்பதைவிட முதலாளிக்கும் இது மலிவு!

ஒவ்வொரு வீட்டிலும் செய்யவேண்டியது இது:

சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள், ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கவேண்டும். "சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது, கிரியேட்டினினும், சிறுநீரில் புரதமும் பாருங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரக வியாதி இருந்தால், மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெயிலிலும் வெக்கையிலும் வேலை செய்கிறவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிக்கவேண்டும். ஆனால், ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்கவேண்டும்.

வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடரக்கூடாது. உப்பைக் குறைக்கவேண்டும். பீடி, சிகரெட்டை விடவேண்டும்.

மூன்றரை லட்சம் பேருக்கு ஒரு டாக்டர் என்ற கணக்கை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால், அந்த டாக்டரிடம் கடைசி நாளில் போகிறவர்களின் தொகையைக் குறைக்க முடியும். அதற்கான வேலையில் பாதி சர்க்காருடையது. கால் பங்கு கம்பெனிகளுடையது. மீதிக் கால் பங்கு, ஆண்டுக்கு ஒரு நாள் சோதனைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்தினுடையது.